முதலில் சாப்பிடட்டும்

வெளியூரில் இருக்கிற பிள்ளைக்கு, "அப்பாவுக்குக் கொஞ்சம் சீரியஸ், கிளம்பி வா" என்று நம் ஊரிலிருந்து போன் போனால், அப்பா போய்ச் சேர்ந்து நாலு மணி நேரமாகிவிட்டது என்று அர்த்தம். இங்கே பந்தல் போட்டு நாற்காலி இறக்கிக்கொண்டிருப்பார்கள். பிள்ளை பஸ் ஏறி, வழியில் இறங்கி இரண்டு இட்லி தின்று, தெருமுனைக்கு வந்து பந்தலைப் பார்த்துத்தான் விஷயத்தைத் தெரிந்துகொள்வான். ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டால், "பாவம், வழியில ஒரு வாய் சாப்பிடட்டுமேன்னுதான்" என்பார்கள். இந்தக் கருணையை எடுத்துத் துடைத்துக் கணினிக்குள் வைத்து, நாடு முழுமைக்கும் சட்டமாக்கிய பெருமை டாக்டர் ஆவுடையம்மாளுக்கு உண்டு.

காரணமில்லாமல் செய்துவிடவில்லை. உலகம் அப்போது நடந்துகொண்ட லட்சணம் அப்படி. ஒரு போர் முடிவதற்குள் அடுத்தது தொடங்கியது. நடுவில் ஒரு கொள்ளைநோய் வந்தது, இரண்டு நகரங்களைக் கடல் கொண்டுபோனது. ஜனங்கள் ஒரு கையில் சோற்றையும் மறு கையில் போனையும் வைத்துக்கொண்டு, எதை விழுங்குகிறோம் என்று தெரியாமலே விழுங்கிக்கொண்டிருந்தார்கள். ஆவுடை சென்னையில் மனநல மருத்துவராக இருந்தாள். அவளுடைய வார்டுக்கு வந்த ஒரு பள்ளிக்கூட ஆசிரியை, வரைபடத்தில் எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாத ஒரு நாட்டில் அன்றன்று செத்தவர்களின் எண்ணிக்கையை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். சரியாகத் தூங்கி இருபத்திரண்டு நாளாகியிருந்தது. "நான் எழுதலேன்னா அவங்கள யாரு நெனைப்பாங்க டாக்டர்?" என்று கேட்டார்.  ஆவுடையிடம் மாத்திரை இருந்தது, கொடுத்தாள்.

"இதம்" அப்படித்தான் பிறந்தது. மணிக்கட்டில் ஒரு பட்டை. நாடித்துடிப்பு, தூக்கம், இரத்தத்தில் சர்க்கரை எல்லாவற்றையும் அது பார்த்துக்கொண்டே இருக்கும். போனுக்கும் டிவிக்கும் வருகிற எதுவும் முதலில் இதத்தின் கைக்குப் போகும். கடுமையான செய்தி என்று பட்டால் நிறுத்தி வைத்துக்கொள்ளும். ஆள் தூங்கி எழுந்தாரா, சாப்பிட்டாரா, நாடி அடங்கியிருக்கிறதா, பக்கத்தில் துணைக்கு ஒருவர் இருக்கிறாரா என்று நாலு கேள்வி. நாலுக்கும் ஆம் என்றால்தான் செய்தி வெளியே வரும். அதுவும் மொத்தமாக வராது, குழந்தைக்கு மருந்து புகட்டுவது போலக் கொஞ்சம் கொஞ்சமாக வரும்.

சாப்பாட்டுக் கேள்வியைச் சேர்த்தவள் ஆவுடைதான். இந்த நாலு கேள்வியும் பொதுஜனத்துக்குத் தெரியக்கூடாது என்று அடம்பிடித்தவளும் அவள்தான். தெரிந்தால் சோற்றைப் பார்த்தாலே பயப்படுவார்கள் என்றாள். ஆஸ்பத்திரிகள், கப்பல் ஏஜென்சிகள், காவல் நிலையங்கள் போல, செய்தி சொல்லும் இடத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் விதி தெரியும். அவர்கள் வாய் திறந்தால் உரிமம் போய்விடும். "செய்தியின் நிழலும் செய்திதான்" என்று அவள் எழுதிய வரியைப் பயிற்சிப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் போட்டிருந்தார்கள். கடைசியில், செய்தி சொல்வதற்கு ஒரு குரல் வேண்டும் என்று நாற்பது பேரைப் பேசவைத்துப் பார்த்துவிட்டு, இதத்தை உருவாக்கிய குழு அவளுடைய குரலையே எடுத்துக்கொண்டது. அவ்வளவு மிருதுவான குரல்.

சும்மா சொல்லக்கூடாது, இதம் வேலை செய்தது. இரண்டே வருஷத்தில் வார்டில் பாதிக் கட்டில் காலியானது. அந்த ஆசிரியை நோட்டை மூடிவைத்துவிட்டு மறுபடி வகுப்புக்குப் போனார். ஆவுடைக்கு விருது கொடுத்தார்கள். வளைகுடாப் பக்கம் புதிதாகப் போர் மூண்டபோது, இதம் அதை "கடல்வழியில் சில தாமதங்கள்" என்று ஜனங்களுக்குச் சொன்னது. ஜனங்களும் தாமதம்தானே என்று போய்ப் படுத்துத் தூங்கினார்கள்.

ஆவுடையின் அக்கா கோமதி மட்டும் நம்பவில்லை.

கோமதி தூத்துக்குடியில் ஒரு பள்ளிக்கூடச் சத்துணவுக் கூடத்தில் சமைக்கிறவள். புருஷன் போய்ப் பத்து வருஷம் ஆகிறது. ஒரே மகன் மாசானம், சரக்குக் கப்பலில் எஞ்சின் அறையில் எண்ணெய் போடுகிற ஆயிலர். தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு அவன் போன் வரும். வெள்ளிக்கிழமை வரவில்லை. சனிக்கிழமையும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆவுடை தற்செயலாகக் கூப்பிட்டபோது, கோமதி அன்றைக்கு மழை பெய்ததைச் சொல்வது போல இதைச் சொன்னாள்.

"அவன் கொரலக் கேக்காம, பச்சத் தண்ணியத் தவிர வேற ஒண்ணும் தொடமாட்டேன்னு உச்சினிமாகாளிக்கு நேந்திருக்கேன்ட்டி. இன்னையோட மூணு நாளாச்சு."

திங்கட்கிழமை மத்தியானம் ஆவுடை போய் இறங்கினாள். கோமதி இருநூற்றுப் பத்துப் பிள்ளைகளுக்குச் சோறும் முட்டையும் போட்டுவிட்டு அப்போதுதான் வீடு திரும்பியிருந்தாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. கதவை விரியத் திறந்தாள்.

"வாட்டி. என்ன இப்படி அரக்கப்பரக்க ஓடியாந்திருக்க? நான் என்ன செத்தா போயிட்டேன்?"

"நாலு நாளா சாப்பிடாம இருக்கியேக்கா."

"தண்ணி குடிக்கேன்லா. நல்லாத் தூங்குதேன். வேலைக்கும் போறேன். பொறகென்ன?"

அவள் மணிக்கட்டிலிருந்த பட்டை லேசாக அதிர்ந்தது. "கோமதி, நீங்கள் இன்னும் சாப்பிடவில்லை. கொஞ்சம் ஏதாவது சாப்பிடலாமே" என்று ஆவுடையின் குரல் அதிலிருந்து வந்தது. நேரத்துக்குச் சாப்பிடாத எல்லாருக்கும் அது சொல்வதுதான்.

கோமதி சிரித்தாள். "இந்தா, நீயே சொல்லிட்ட. மூணு வேளையும் நீதான் வந்து கூப்பிடுத. கூடப்பொறந்தவ அக்கறையாக் கேக்காளேன்னு நானும் சரி சரின்னு சொல்லிட்டிருக்கேன்."

ஆவுடைக்குச் சிரிப்பு வரவில்லை. பையிலிருந்து பழத்தை எடுத்து உரித்து நீட்டினாள். கோமதி வாங்கி, மூடியிருந்த சோற்றுப்பானை மேல் வைத்தாள்.

"ஒனக்குத் தெரியாது ஆவுடை. இந்தக் கப்பல்ல போவாதலேன்னு சொன்னேன். கேக்கல. 'போனேன்னா எங்கூடப் பேசாத'ன்னு சொல்லிட்டேன். அவன் அஞ்சு வாரமா தினமும் கூப்பிட்டுப் பேசுவான். நான் எடுத்து 'ம்' கொட்டிட்டு வச்சிருவேன். வியாழக்கிழம, 'யம்மா, ஒரு வார்த்த பேசேன்'னு கெஞ்சினான். அன்னைக்கும் 'ம்'ன்னுட்டேன். மறுநா பேசிருவோம்னுதான் இருந்தேன்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "மறுநா போனே வரல. நான் வாயக் கட்டுனதுக்கு வயித்தக் கட்டிக் கழிக்கேன். நடுவுல தின்னா அவனுக்கு ஆவாது."

"சாப்பிடாம இருந்தா அவன் வந்துருவானாக்கா?"

"சாப்பிட்டா என்ன ஆவும்னு எனக்குத் தெரியும்" என்றாள் கோமதி. "அப்பா செத்த அன்னைக்குச் சரசு அத்த வீட்டுல நம்மளக் கூட்டிட்டுப் போயி உக்கார வச்சாங்களே, ஞாவகம் இருக்கா?"

ஆவுடைக்கு ஞாபகம் இருந்தது. அப்பா துறைமுகத்தில் கிரேன் வேலை பார்த்தவர். அன்றைக்குச் சரக்கு அறுந்து விழுந்தது. அப்போது அவளுக்கு எட்டு வயசு, அக்காவுக்குப் பதினாலு. எதிர்வீட்டுச் சரசு அத்தை இரண்டு பேரையும் பின்வாசல் வழியாகக் கூட்டிப்போய், அவசர அவசரமாக முட்டை தோசை ஊற்றிப் போட்டாள். சாப்பிட்டுக் கை கழுவிய பிறகுதான் சொன்னார்கள். அந்த முட்டை தோசையை ஆவுடை ஒரு நாளும் மறந்ததில்லை. உலகத்தில் மனுஷர் மனுஷருக்குச் செய்யக்கூடிய உச்சபட்ச இரக்கம் அதுதான் என்று குழுக் கூட்டத்தில்கூடச் சொல்லியிருக்கிறாள். சாப்பாட்டுக் கேள்வி வந்ததே அங்கிருந்துதான்.

"அன்னைக்கு அவங்க நம்மள எவ்வளவு பதமா..." என்று தொடங்கினாள்.

"பதமா" என்று கோமதி அந்தச் சொல்லைக் கசப்பு மருந்து போலத் துப்பினாள். "முட்ட தோச ஏதுட்டி நம்ம வீட்டுல? தீவாளிக்குக்கூடக் கெடையாது. இன்னைக்கு ஏதோ விசேசம்னு நெனச்சேன். ரெண்டு தின்னுட்டு, மூணாவது கேட்டு வாங்கித் தின்னேன். சரசு அத்த ஊத்திப் போட்டுட்டு அந்தப்பக்கம் திரும்பி நின்னா. எங்கப்பன் அங்க துணி மூடிக் கெடக்கான், நான் இங்க இன்னொண்ணு போடுங்கேன்னு தட்ட நீட்டிட்டிருக்கேன். முப்பத்தெட்டு வருசமாச்சு. அந்த மூணாவது தோச இன்னும் இங்ஙனதான் நிக்கு." தொண்டையைத் தொட்டுக் காட்டினாள்.

இத்தனை வருஷத்தில் அக்கா இதைச் சொன்னதே இல்லை. ஆவுடை கேட்டதும் இல்லை.

சாயங்காலம் நாலு மணிக்கு ஆவுடை கப்பல் ஏஜென்சிக்குப் போனாள். துறைமுகத்துக்குப் போகிற ரோட்டில் மாடியில் ஒரு அறை. பெர்க்மான்ஸ் என்கிறவர் உட்கார்ந்திருந்தார். மாசானத்தை வேலைக்கு அனுப்பியவர்.

"கப்பல் எங்க நிக்குது?" என்று கேட்டாள்.

"கடல்வழியில சில தாமதங்கள் மேடம்" என்றார் பெர்க்மான்ஸ், மேஜையைப் பார்த்துக்கொண்டே. அந்த வாக்கியத்தைத் தன் அலுவலகத்தில் மூன்று பேர் உட்கார்ந்து ஒரு மதியம் முழுக்கச் செதுக்கியது ஆவுடைக்கு நினைவுக்கு வந்தது.

டீ வந்தது. பெர்க்மான்ஸ் அவள் பக்கம் தள்ளினார். "அக்கா சாப்ட்டாங்களா மேடம்?"

"இல்ல. ஏன்?"

"சும்மா கேட்டேன்." கொஞ்ச நேரம் பேனாவை மூடித் திறந்தார். "சாப்பிடச் சொல்லுங்க."

ஆவுடை டம்ளரைக் கீழே வைத்தாள். இரண்டு வருஷமாகப் பயிற்சி வகுப்பில் இந்தக் கேள்வியை எப்படிக் கேட்கக் கூடாது என்று சொல்லிக்கொடுத்தவள் அவள். படி இறங்குகையில் பெர்க்மான்ஸ் பின்னாலேயே வந்தார்.

"இன்னைக்கே சாப்பிட வைங்க மேடம். ஒங்களுக்குத் தெரியாதது இல்ல. வேற ஒரு வார்த்த எங்க வாயில இருந்து வரக்கூடாது, எனக்கு லைசென்ஸ் போயிரும்."

ரோட்டோரமாக நின்று ஆவுடை இதத்தின் சென்னைக் கட்டுப்பாட்டு அறைக்குப் போன் போட்டாள். நூருல்லா எடுத்தான். அவளிடம் பயிற்சி பெற்றவன், நல்லவன், அதனாலேயே விதியை மீறத் தெரியாதவன்.

"கோமதி, தூத்துக்குடி. ஏதாவது நிக்குதா?"

"மேடம், சொந்தக்காரங்களுக்குச் சொல்லக்கூடாதுன்னு நீங்கதான..."

"உள்ள என்னன்னு கேக்கல. இருக்கா இல்லையான்னு சொல்லு."

விசைகளைத் தட்டுகிற சத்தம் கேட்டது.  "தூக்கம் சரியா இருக்கு. நாடி சரியா இருக்கு. துணைக்கு ஆள் இல்லாம இருந்துச்சு, இப்ப நீங்க வந்துட்டீங்க, அதுவும் சரி. சாப்பாடு ஒண்ணுதான் மேடம்."

"நிக்கிறது ஒண்ணா?"

"ஒண்ணு இல்ல. நெறைய." குரலைத் தாழ்த்திக்கொண்டான். "எல்லாமே குரல் மேடம்."

போர் நடக்கும் இடத்திலிருந்து யார் கூப்பிட்டாலும், நாலு கேள்விக்கும் ஆம் வரும்வரை இதம் அதை அழைப்பாக விடாது, செய்தியாகப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆவுடைக்கு அது தெரியும். குரல் என்றால் அவனே கூப்பிட்டிருக்கிறான். அவனே கூப்பிட்டால் உயிரோடு இருக்கிறான். ரோட்டோரத்துக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"கையால திறந்து விடு நூருல்லா."

"கையால திறக்க வழியே வைக்கக் கூடாதுன்னு கமிட்டில சண்ட போட்டது நீங்க மேடம். 'ஒரு விதிவிலக்கு வெச்சா வீட்டுக்கு வீடு விதிவிலக்கு கேப்பாங்க'ன்னீங்க. நான்தான் அன்னைக்கு மினிட்ஸ் எழுதினேன்."

"விரதப் பட்டியல் இருக்கே. ஏகாதசி, ரம்ஜான், தவக்காலம் எல்லாம் சேத்தோமே. அதுல போடு."

"அதுக்கெல்லாம் முடியிற நேரம்னு ஒண்ணு இருக்கு மேடம், அதைக் கேக்குது. உங்க அக்கா விரதம் எப்ப முடியும்?"

"மகன் குரலைக் கேட்டா."

"மகன் குரல் எப்ப கேக்கும்?"

  ஆவுடை பிறந்து வளர்ந்த ஊரில் தெருவுக்கு நாலு பெண்கள் இப்படி நேர்ந்துகொண்டு வயிற்றைக் கட்டுகிறவர்கள். தகவல் வரும்வரை சாப்பிட மாட்டேன் என்பவர்களும், சாப்பிடும்வரை தகவல் சொல்லாதே என்பவர்களும் ஒரே வீட்டில் இருப்பார்கள். இரண்டையும் பார்த்து வளர்ந்தவள், ஒன்றை மட்டும் எடுத்து உலகத்துக்குக் கொடுத்துவிட்டாள்.

"சீக்கிரம் சாப்பிடச் சொல்லுங்க மேடம்" என்றான் நூருல்லா. "சீக்கிரம்னு சொன்னேன்னு யார்கிட்டயும் சொல்லாதீங்க."

வீட்டுக்கு வந்தாள். கோமதி மறுநாள் பள்ளிக்கூடத்துக்காகக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஒரு வார்த்தை போதும். அக்கா, அவன் குரல் வந்து காத்துக்கொண்டிருக்கிறது, ஒரு வாய் கஞ்சி குடி என்று சொன்னால் முடிந்தது. ஆவுடை இரண்டு தடவை பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். இரண்டு தடவையும் வேறு எதையோ பேசிவிட்டு எழுந்தாள். சொன்னால் அக்கா பயந்து நாடி ஏறிவிடும், ஏறினால் மூன்றாவது கேள்வியும் கெட்டுவிடும் என்று தனக்குத்தானே விளக்கம் சொல்லிக்கொண்டாள். செய்தியின் நிழலும் செய்திதான் என்று நினைத்தாள். விருது, விசாரணை, செய்தித்தாளில் வரப்போகிற தலைப்பு இவற்றையும் நினைத்தாள். பயம்தான். அதற்குக் கொள்கை என்று பேர் வைத்துக்கொண்டு படுத்தாள், விடியும்வரை கண் மூடவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு, உண்மை சொல்லத் துணியாதவள் பொய் சொல்லத் துணிந்தாள்.

"அக்கா, பெர்க்மான்ஸ் போன் பண்ணார். மாசானம் அவர்கிட்டப் பேசிட்டானாம். நல்லா இருக்கானாம். சிக்னல் கெடச்சதும் உன்னக் கூப்பிடுறேன்னானாம்."

கோமதி கீரைக்கட்டைக் கீழே வைத்தாள். "எங்கிட்ட ஏன் பேசல?"

"அதான் சொல்றேனே, சிக்னல் இல்ல."

"எனக்கு அவன் கொரல் கேக்கணும்ட்டி."

"கேப்பக்கா. அப்பா மேல சத்தியமா."

கோமதி அவள் முகத்தையே பார்த்தாள். இந்தத் தங்கை சின்ன வயசிலிருந்தே எதற்கும் சத்தியம் செய்யாதவள். "அப்பா மேலயா சொல்லுத?" என்று ஒரு தடவை கேட்டாள். ஆவுடை தலையாட்டினாள். கோமதி எழுந்துபோய்ச் சாமி படத்துக்கு முன்னால் நின்று கும்பிட்டாள். தோள் குலுங்கியது. பிறகு பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு, உட்கார்ந்து, தங்கை கரைத்துக் கொடுத்த கஞ்சியை ஒரு கல் உப்புப் போட்டு மடமடவென்று குடித்தாள். குடித்து முடித்து, "ஆத்தா கண்ணத் தொறந்துட்டா" என்றாள்.

ஆவுடை கணக்குப் போட்டாள். சர்க்கரை ஏறி நிலைகொள்ள இரண்டு மணி நேரம். ஒன்பதரைக்கு மேல் முதல் குரல் வரும். அவன் காயத்தோடு கிடக்கலாம், கையோ காலோ போயிருக்கலாம், எதுவானாலும் குரல் வரும், தாயும் மகனும் பேசிக்கொள்வார்கள். அப்போது அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருக்க வேண்டும். அதற்காகவே சுவரோரமாக உட்கார்ந்தாள். இரண்டு ராத்திரித் தூக்கம் பாக்கி இருந்தது. அக்கா சாப்பிட்டுவிட்டாள் என்கிற நிம்மதி தலையணை மாதிரி வந்து பிடரிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டது.

கண் விழித்தபோது சாயங்காலம் நாலரை. தலைக்கடியில் நிஜமாகவே தலையணை இருந்தது, போர்வை போர்த்தியிருந்தது. அடுப்பங்கரையில் தோசைக்கல்லில் எண்ணெய் பொரிகிற சத்தம் கேட்டது. ஆவுடை பதறி எழுந்து ஓடினாள்.

கோமதி தலை குளித்து, ஈரக் கூந்தலை முடிந்து, கல்லுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். முகத்தில் ஒன்றுமில்லை. கழுவித் துடைத்த பாத்திரம் மாதிரி இருந்தது.

"அக்கா, போன் வந்துச்சா?"

"வந்துச்சு."

"மாசானமா?"

"மாசானம்தான். கொரலக் கேட்டேன்." ஒரு பலகையைக் காலால் தள்ளிப்போட்டாள். "மொகத்தக் கழுவிட்டு வந்து உக்காரு. காலையில இருந்து நீ ஒண்ணும் திங்கல."

ஆவுடைக்கு அப்படியே உட்கார்ந்து அழவேண்டும் போல இருந்தது. குரலைக் கேட்டுவிட்டாள். தலை குளித்திருக்கிறாள், சமைக்கிறாள். பொய் சத்தியம் செய்ததுகூட வீண் போகவில்லை. முகத்தைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள். தட்டில் முட்டை தோசை விழுந்தது. மனசில் எதுவோ ஒன்று தட்டிற்று, ஆனால் நேற்று மத்தியானத்திலிருந்து அவளும்தான் பட்டினி. பசி அதை ஓரமாகத் தள்ளிவிட்டது. முதல் தோசையை நாலே வாயில் தின்றாள்.

"என்ன சொன்னான்?"

"சாப்பிடு. சொல்லுதேன்."

இரண்டாவது வந்தது. மிளகு தூக்கலாகப் போட்டிருந்தாள். ஆவுடை தின்றுகொண்டே, அவன் ஊர் திரும்பினதும் சென்னையிலேயே ஒரு வேலை பார்த்துவிடலாம், இனிக் கப்பலே வேண்டாம் என்றாள். கோமதி "ம்" என்றாள். ஊருக்கு வந்ததும் அவனுக்குப் பெண் பார்க்கலாம் என்றாள். கோமதி அதற்கும் "ம்" கொட்டினாள். தட்டு காலியானது.

"இன்னொண்ணு ஊத்துக்கா" என்று ஆவுடை தட்டை நீட்டினாள்.

கோமதி மாவை ஊற்றி, முட்டையை உடைத்துப் பரப்பி, வேகும்வரை பொறுமையாக நின்றாள். எடுத்துத் தட்டில் போட்டாள். அடுப்பை அணைத்தாள். பிறகு அந்தப்பக்கம் திரும்பி, ஜன்னலைப் பார்த்து நின்றுகொண்டாள்.

ஆவுடையின் கை தோசையில் பாதியைப் பிய்த்து வாயில் வைத்துவிட்டிருந்தது. அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

"பதினோரு தடவ கூப்பிட்டிருக்கான்" என்றாள் கோமதி, ஜன்னலைப் பார்த்தபடியே. "வெள்ளிக்கிழம போர் நடக்குற எடத்துக்குள்ள நுழைஞ்சதுமே கப்பல்ல குண்டு விழுந்திருக்கு. ஆஸ்பத்திரியில கெடந்துட்டுக் கூப்பிட்டிருக்கான். மொதல்ல 'யம்மா, லேசான அடிதான்'ங்கான். பொறகு, 'ஏன் எடுக்க மாட்டுக்க, நான் சொல் கேக்காமப் போனதுல இன்னும் கோவமா'ங்கான். அதுக்குப் பொறகு எல்லாத்துலயும் அதேதான் கேக்கான். நேத்து சாயங்காலம் கடைசியாக் கூப்பிட்டப்ப, 'சரிம்மா, நீ பேச வேண்டாம், அந்த ம் மட்டும் சொல்லு'ங்கான். நான் அப்ப கீரை ஆஞ்சிட்டிருந்தேன். நீ எம்பக்கத்துல உக்காந்திருந்த. இன்னைக்கு வெள்ளன அஞ்சு மணிக்குப் போயிட்டான்."

ஆவுடையால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

"ஒவ்வொண்ணா விட்டுச்சு" என்றாள் கோமதி. "நடுவுல நடுவுல, 'தண்ணீர் குடியுங்கள், மூச்சை மெதுவாக விடுங்கள்'னுச்சு. நான் அழுதா நிறுத்திருது. அடங்குனா அடுத்ததப் போடுது. அதனால அழல. எம்மவன் கொரலு உள்ள இருக்குல்லா, அது வரணுமேன்னு நெஞ்ச அமுக்கிப் பிடிச்சுக்கிட்டுக் கல்லு மாதிரி உக்காந்திருந்தேன். கடைசில அவன் செத்த சேதியச் சொல்லுச்சு. ஒங்கொரல்லதான் சொல்லுச்சு. நீ இங்ஙன படுத்துத் தூங்கிட்டிருக்க, அங்ஙன இருந்தும் நீயே சொல்லுத."

"அக்கா, நேத்தே ஏதோ நிக்குதுன்னு எனக்குத் தெரியும். நான்..."

"தெரியும்னு எனக்கும் தெரிஞ்சுபோச்சு. பெர்க்மான்ஸுக்குப் போன் போட்டேன். சேதி வந்தாச்சே, இனிச் சொல்லலாம்லா, சாப்பாட்டு விதி, நேத்து நீ வந்து போனதுன்னு அழுதுக்கிட்டே எல்லாத்தையும் சொல்லிட்டான்." கோமதி இப்போது திரும்பினாள். குரல் உயரவே இல்லை. "நேத்து நாலு மணிக்கே சொல்லியிருக்கலாம்லாட்டி. அவன் கொரலு வந்து நிக்கு, தின்னாத்தான் கேக்கும்னு ஒரு வார்த்த. விரதமாவது மண்ணாங்கட்டியாவது, அந்த ஆத்தா கால்ல விழுந்து மன்னிப்புக் கேட்டுட்டு அண்டாவோட தின்னிருப்பேனே. சாயங்காலம் அவன் கூப்பிட்டப்ப எடுத்திருப்பேனே. எங்கப்பன் பேரச் சொல்லிப் பொய் சத்தியம் பண்ண ஒனக்கு வாய் வந்துச்சு, இது வரலியா?"

 ஆவுடையின் வாய்க்குள் தோசை இன்னும் இருந்தது.

அவள் மணிக்கட்டில் பட்டை அதிர்ந்தது. தூங்கி எழுந்திருக்கிறாள், சாப்பிட்டிருக்கிறாள், துணைக்குக் கூடப்பிறந்தவள் பக்கத்திலேயே நிற்கிறாள். நாடிகூட அடங்கித்தான் இருந்தது, அடித்துப் போட்டாற்போல. எல்லாம் சரியாக இருந்தது.

"ஆவுடை, நெருங்கிய உறவினர் ஒருவரைப் பற்றி ஒரு செய்தி இருக்கிறது" என்றது அவளுடைய குரல், அவ்வளவு மிருதுவாக. "இப்போது சொல்லலாமா?"

கோமதி வந்து எதிரே உட்கார்ந்தாள். தண்ணீர் டம்ளரைத் தங்கை பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"சரின்னு சொல்லு" என்றாள். "சொல்லலேன்னா அது விடாது, கேட்டுக்கிட்டே இருக்கும்."